பட்ட நீர்ச்சறுக்குக் கருவிகள்

பட்ட நீர்ச்சறுக்குக் கருவிகள் என்பன, காற்றில் பறக்கும் பெரிய பட்டம் ஒன்றின் இழுவிசையைக் கொண்டு நீர்ப்பரப்பின் மீது பலகையில் சறுக்கிச் செல்லும் விளையாட்டில் பயன்படும் கருவிகள் ஆகும். ஆங்கிலத்தில் கைட் சர்ஃபிங் என்றும் கைட் போர்டிங் என்றும் வழங்கும் இவ்விளையாட்டு, ஆபத்து மிகுந்த நீர் விளையாட்டுகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. பட்டம், கயிறுகள், கட்டுப்பாட்டுத் தண்டு, இடுப்புக் கச்சை, பலகை, விடுவிப்பு அமைப்பு ஆகியவை இதன் முதன்மையான கருவிகள்.

இக்கருவிகள் ஏறத்தாழ 1977 முதல் இன்று வரை படிப்படியாகக் கண்டுபிடிக்கப்பட்டு, கடலிலும் ஆய்வுக்கூடத்திலும் சோதிக்கப்பட்டுத் திருத்தப்பட்டு வந்துள்ளன. காற்றிலிருந்து போதிய விசையைப் பெறுவது தொடக்கத்திலேயே இயன்றது. பெற்ற விசையை வேண்டாத வேளையில் கைவிடுவதே நெடுங்காலம் தீராத சிக்கலாக இருந்தது. இத்துறையின் முக்கியமான கண்டுபிடிப்புகளுள் பல இச்சிக்கலுக்கு விடை தேடியதன் விளைவாகத் தோன்றியவை.

அடிப்படைச் சிக்கல்

பாய்மரப் படகில் காற்று மிகுந்துவிட்டால், பாயை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றைத் தளர்த்தினால் போதும். பாய் காற்றின் திசையில் திரும்பிப் படபடத்து நிற்கும். படகு வேகம் குறையும். பட்டத்தில் இது எளிதன்று. பட்டம் 20 முதல் 27 மீட்டர் நீளமுள்ள கயிறுகளின் முனையில், மனிதரின் கைக்கு எட்டாத தொலைவில் பறக்கின்றது. மேலும் அது ஓரிடத்தில் நில்லாமல் வானில் விரைந்து நகரக்கூடியது.

காற்றினால் ஒரு பரப்பின் மீது தோன்றும் விசை, காற்றின் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் அமையும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். எடுத்துக்காட்டாக, 12 சதுர மீட்டர் பரப்புள்ள பட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் எனவும், தூக்குவிசைக் கெழு 1 எனவும் கொண்டால், நொடிக்கு 10 மீட்டர் வேகமுள்ள காற்றில் அப்பட்டத்தின் இழுப்பு 720 நியூட்டன் ஆகும். இது ஏறத்தாழ 73 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். காற்று சற்றும் கூடாமல் இருக்கும்போதே பட்டம் வானில் குறுக்காகப் பாய்ந்தால், அது உணரும் காற்றின் வேகம் நொடிக்கு 20 மீட்டர் ஆகிவிடலாம். அப்போது இழுப்பு 2,880 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 294 கிலோகிராம் எடைக்கு ஒப்பானது. தன் எடையைப் போல் பல மடங்கு இழுப்பு ஓரிரு நொடிகளுக்குள் தோன்றக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

சறுக்குவோர் வானில் உயரத் தாவ முடிவதும், கட்டுப்பாட்டை இழந்தவர் கரையில் உள்ள பாறை மீதோ சுவர் மீதோ மோத நேர்வதும் இதே விசையால்தான். எனவே நீர்ச்சறுக்குக்கு ஏற்ற பட்டம் நான்கு தேவைகளை நிறைவு செய்ய வேண்டும்:

1. காற்றை எதிர்த்துச் சாய்வாகச் செல்லும் அளவுக்குத் திறனுடன் பறக்க வேண்டும்.
2. நீரில் விழுந்தால், பிறர் உதவியின்றி மீண்டும் எழ வேண்டும்.
3. பறந்துகொண்டிருக்கும்போதே இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் இயல வேண்டும்.
4. நெருக்கடியில் ஒரே அசைவில் இழுப்பு முழுவதும் நீங்க வேண்டும்.

இந்நான்கும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்க்கப்பட்டன.

கருவியின் உறுப்புகள்

பட்டம்: இன்று பெரும்பாலும் பயன்படுவது காற்றடைத்த குழாய்களைக் கொண்ட பட்டம். இதன் முன்விளிம்பில் ஒரு தடித்த குழாயும், அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் சில மெல்லிய குழாய்களும் உண்டு. பறப்பதற்கு முன் கைப்பம்பினால் இவற்றில் காற்று அடைக்கப்படும். இவை பட்டத்துக்கு எலும்புக்கூடு போல் அமைவதுடன், அது நீரில் மூழ்காமலும் காக்கின்றன. மற்றொரு வகை, பாராகிளைடர் போன்று துணி அறைகளுக்குள் காற்று புகுந்து வடிவம் பெறும் பட்டம் ஆகும். காற்றின் வேகம், சறுக்குபவரின் எடை ஆகியவற்றைப் பொறுத்துப் பட்டத்தின் அளவு தேர்ந்தெடுக்கப்படும். காற்று வலுக்க வலுக்கச் சிறிய பட்டம் வேண்டும்.

கயிறுகள்: பொதுவாக நான்கு கயிறுகள். நடுவில் உள்ள இரண்டும் பட்டத்தின் முன்பகுதியைத் தாங்குகின்றன. இழுப்பின் பெரும்பகுதி இவற்றின் வழியே வரும். ஓரத்தில் உள்ள இரண்டும் பின்பகுதியுடன் இணைந்து பட்டத்தைத் திருப்பப் பயன்படுகின்றன. மிக உயர் மூலக்கூற்று எடை கொண்ட பாலியெத்திலீன் இழைகளால் இவை முறுக்கப்படுகின்றன. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்பன இவ்விழைகளின் வணிகப் பெயர்கள்.

முச்சை: கயிறுகள் பட்டத்துடன் நேரடியாக இணையாமல் பல கிளைகளாகப் பிரிந்து இணையும் பகுதி. விளையாட்டுப் பட்டத்துக்கு யாழ்ப்பாணத்தில் முச்சை கட்டுவதும், சென்னையில் சூத்திரம் போடுவதும் இதுவே. முச்சை சற்று மேலேறினாலோ கீழிறங்கினாலோ பட்டத்தின் இழுப்பு மாறிவிடும் என்பது பட்டம் விட்ட எவரும் அறிந்தது. பிற்காலத்தில் தோன்றிய வில் பட்டத்தின் அடிப்படையும் இதுதான்.

கட்டுப்பாட்டுத் தண்டு: சறுக்குபவர் இரு கைகளாலும் பிடிக்கும் தண்டு. இதைத் தன்பால் இழுத்தால் பட்டத்தின் பின்பகுதி கீழிறங்கி, காற்றை எதிர்கொள்ளும் கோணம் கூடும், இழுப்பும் கூடும். தண்டை அப்பால் தள்ளினால் இழுப்பு குறையும்.

இடுப்புக் கச்சையும் கொக்கி வளையமும்: இழுப்பைக் கைகள் நெடுநேரம் தாங்க இயலாது. ஆகவே தண்டின் நடுவே வரும் கயிறு ஒரு வளையத்தில் முடிந்து, கச்சையில் உள்ள கொக்கியில் மாட்டப்படும். விடுவிப்பு அமைப்பு இவ்வளையத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

பலகை: இரு முனைகளும் ஒத்த, இரு திசையிலும் செல்லக்கூடிய பலகை, அலைகளுக்கு ஏற்ற ஒருதிசைப் பலகை, நீருக்கடியில் சிறகு பொருத்திய பலகை என மூன்று வகைகள் பெருவழக்கில் உள்ளன.

வரலாறு

முன்னோடிகள்

பட்டத்தின் இழுப்பைப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தும் முயற்சி பழையது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியரான ஜார்ஜ் போகாக், பட்டங்கள் இழுக்கும் வண்டி ஒன்றுக்கு 1826-இல் காப்புரிமை பெற்றார். இதற்கு அவர் நான்கு கயிற்றுக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தினார். 1903-இல் சாமுவேல் கோடி என்பவர் பட்டம் இழுத்த சிறு படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

1977-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கைஸ்பர்ட்டஸ் பான்ஹைஸ் என்பவர், மிதக்கும் பலகை மீது நிற்பவரை வான்குடை போன்ற சாதனம் இழுத்துச் செல்லும் நீர் விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய விளையாட்டின் கருத்து இதிலேயே உள்ளது எனலாம். ஆயினும் இது வணிக அளவில் பரவவில்லை. துணியால் ஆன பட்டம் நீரில் விழுந்து நனைந்தால் மீண்டும் எழாது என்பது அக்காலப் பட்டங்களின் பொதுவான குறை. கரையிலிருந்து தொலைவில் இது நேர்ந்தால் சறுக்குபவர் நீந்தித்தான் திரும்ப வேண்டும்.

காற்றடைத்த பட்டம்

இக்குறையைத் தீர்த்தவர்கள் பிரான்சின் பிரித்தானி கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த புரூனோ லெகேனியூ, டொமினிக் லெகேனியூ என்னும் உடன்பிறப்புகள். காற்றடைத்த குழாய்களைச் சட்டமாகக் கொண்ட பட்டத்துக்கு 1984 நவம்பரில் இவர்கள் காப்புரிமை கோரினர். வளைவான வடிவமும் மிதக்கும் தன்மையும் சேர்ந்ததால், நீரில் விழுந்த பட்டம் தட்டையாகப் படியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. ஒரு கயிற்றை இழுத்து அதனைக் காற்றுக்குள் திருப்பி மீண்டும் எழச்செய்ய முடிந்தது.

கண்டுபிடிப்பு விரைவில் வெற்றி பெறவில்லை. அக்காலத்தில் பாய்ப்பலகை எனப்படும் வின்ட்சர்ஃபிங் விளையாட்டு உச்சத்தில் இருந்தது. பட்டத்தில் முதலீடு செய்ய நிறுவனங்கள் முன்வரவில்லை. காப்புரிமை கோரிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1997-இல்தான் இவர்களது விப்பிக்கா என்னும் பட்டம் பரவலாக விற்பனைக்கு வந்தது.

கைட்ஸ்கி

அமெரிக்காவில் இதே காலத்தில் வேறொரு வழி முயலப்பட்டது. போயிங் நிறுவனத்தில் காற்றியக்கவியல் வல்லுநராக இருந்த பில் ரோஸ்லரும் அவர் மகன் கோரி ரோஸ்லரும் கைட்ஸ்கி என்னும் அமைப்பை உருவாக்கினர். இதில் இரு கயிறுகள் கொண்ட முக்கோணப் பட்டம் நீர்ச்சறுக்குக் கட்டைகளில் நிற்பவரை இழுத்தது. பட்டம் நீரில் விழுந்தால், தண்டில் பொருத்திய உருளையில் கயிற்றைச் சுற்றிப் பட்டத்தை அருகில் இழுத்து, மீண்டும் பறக்கவிட வேண்டும். 1994-இல் இது விற்பனைக்கு வந்தது.

ஒரே சிக்கலுக்குக் கிடைத்த இவ்விரு விடைகளையும் ஒப்பிடுவது பயனுள்ளது. ரோஸ்லர்கள் சிக்கலைத் தண்டில் பொறி அமைத்துத் தீர்த்தனர். லெகேனியூ உடன்பிறப்புகள் பட்டத்தின் வடிவத்திலேயே தீர்த்தனர். அசையும் உறுப்புகள் உப்புநீரிலும் மணலிலும் எளிதில் பழுதாகும். காலப்போக்கில் காற்றடைத்த பட்டமே நிலைத்தது.

மௌயி தீவும் பரவலும்

1996-இல் ஹவாய் தீவுகளுள் ஒன்றான மௌயியின் கரையோரத்தில் லெயர்ட் ஹாமில்டன், மனு பெர்த்தேன் ஆகியோர் இவ்விளையாட்டைச் செய்து காட்டியது உலகின் கவனத்தை ஈர்த்தது. 1997-இல் பிரான்சில் ரஃபாயெல் சால், லோரான் நெஸ் ஆகியோர் இதற்கெனத் தனிப் பலகைகளை உருவாக்கினர். 1998 செப்டம்பரில் மௌயியில் நடந்த போட்டியில் ஃபிளாஷ் ஆஸ்டின் வெற்றி பெற்றார். 2000 அளவில் பல நிறுவனங்கள் பட்டங்களை உற்பத்தி செய்யத் தொடங்கின.

இப்பரவல் கருவியின் முதிர்ச்சியைவிட விரைவாக நிகழ்ந்தது. அக்காலப் பட்டங்கள், முன்னிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்தான சி போன்று ஆழ்ந்து வளைந்தவை. எனவே சி-வடிவப் பட்டங்கள் எனப்பட்டன. இவற்றில் தண்டை முழுவதும் தள்ளினாலும் இழுப்பின் ஒரு பகுதியே குறைந்தது. திடீரெனக் காற்று வீசினால் எஞ்சிய இழுப்பே ஒருவரைத் தூக்கி எறியப் போதுமானதாக இருந்தது. 2002-இல் ஜெர்மனியின் ஃபேமார்ன் தீவில் நடந்த போட்டியின்போது, தொழில்முறை வீராங்கனை ஒருவரின் பட்டம் மற்றொரு பட்டத்துடன் சிக்கியது. கரையில் இழுத்துச் செல்லப்பட்டு அவர் உயிரிழந்தார். இத்தகைய விபத்துகளுக்குப் பின் இழுப்பைக் குறைப்பதும் விடுவிப்பதும் வடிவமைப்பாளர்களின் முதன்மை நோக்கமாயின.

வில் பட்டம்

பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் வடிவமைப்பைத் திருத்திவந்த புரூனோ லெகேனியூ, வில் பட்டம் எனப்படும் புதிய வடிவத்தை உருவாக்கினார். 2005-இல் இதன் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இதன் சிறப்புகள் மூன்று:

- வளைவு ஆழமற்றது. எனவே பட்டம் தட்டையானது.
- பின்விளிம்பு உட்குழிந்து, சிறகின் முனைகள் பின்னோக்கி அமைந்தது.
- முன்விளிம்பு முழுவதையும் பல கிளை முச்சை தாங்கியது.

சி-வடிவப் பட்டத்தில் கயிறுகள் நான்கு மூலைகளில் மட்டுமே இணைந்திருந்தன. கோணத்தை மிகவும் குறைத்தால் தாங்குவாரின்றி நின்ற முன்விளிம்பு மடங்கிவிடும். வில் பட்டத்தில் முச்சை முன்விளிம்பைத் தாங்குவதால், கோணத்தை ஏறத்தாழ இழுப்பே இல்லாத நிலை வரை குறைக்க முடிந்தது. நீரிலிருந்து எழுவதும் எளிதாயிற்று: ஓரக் கயிறு ஒன்றை இழுத்துப் பிடித்தால் பட்டம் தானே உருண்டு காற்றின் ஓரத்துக்கு வந்து எழும்.

புதிய வடிவம் புதிய குறைகளையும் கொண்டு வந்தது. முதல் வில் பட்டங்களின் தண்டை இழுக்கக் கூடுதல் வலு வேண்டியிருந்தது. முச்சையில் இருந்த சிறு கப்பிகளில் மணல் புகுந்து கயிறு தேய்ந்தது. இழுப்பற்ற நிலையில் பட்டம் சில வேளை உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டது. பின்னர் வந்த கலப்பு வடிவங்கள் சி-வடிவத்தின் விரைவான திருப்பத்தையும் வில் வடிவத்தின் பாதுகாப்பையும் இணைக்க முயன்றன. இன்று விற்பனையாகும் பட்டங்களில் பெரும்பாலானவை இக்கலப்பு வழியில் வந்தவை.

விடுவிப்பு அமைப்பு

தண்டைத் தள்ளி இழுப்பைக் குறைப்பது இயல்பான பயன்பாட்டுக்கு உரியது. கயிறு சிக்கிக்கொண்டாலோ, பட்டம் கட்டுப்பாடின்றிச் சுழலத் தொடங்கினாலோ அது உதவாது. அப்போது பட்டத்தைக் கச்சையிலிருந்து பிரிக்க வேண்டும். இதற்கான உறுப்பே விரைவு விடுவிப்பி ஆகும்.

இதன் தத்துவம் எளியது. கொக்கி வளையத்தின் ஒரு முனை ஓர் ஊசியால் பூட்டப்பட்டிருக்கும். ஊசியை ஓர் உறை மூடியிருக்கும். உறையை அப்பால் தள்ளினால் ஊசி விடுபட்டு வளையம் திறக்கும். ஆனால் இதனை நம்பகமானதாக ஆக்குவது கடினம். ஒன்றுக்கொன்று முரணான பல தேவைகளை இது நிறைவு செய்ய வேண்டும்:

- பல நூறு கிலோகிராம் இழுப்பின் கீழும் ஒரு கையின் வலுவால் திறக்க வேண்டும். சாதாரணக் கொக்கிகளில் இழுப்பு கூடினால் உராய்வு கூடி, திறப்பது அரிதாகும்.
- இழுப்பே இல்லாத வேளையிலும் திறக்க வேண்டும். பட்டத்தின் இழுப்பால் தானே திறக்கும் வகைகள் இங்குத் தவறக்கூடும்.
- தாவும்போதும் அலை அடிக்கும்போதும் தானாகத் திறந்துவிடக் கூடாது. உயரத்தில் தொங்கும் ஒருவருக்கு எதிர்பாராத விடுவிப்பும் ஆபத்தே.
- மணல், உப்பு, குளிரில் விறைத்த விரல், கையுறை ஆகியவற்றுக்கு இடையிலும் இயங்க வேண்டும்.

இவற்றுக்கு மேலாக மனித இயல்பு ஒரு தடையாக உள்ளது. அச்சமுற்ற மனிதர் கையில் உள்ளதை இறுகப் பற்றித் தன்பால் இழுக்கின்றார். பட்டத்தில் தண்டைத் தன்பால் இழுத்தால் இழுப்பு மேலும் கூடும். அதாவது உயிர் காக்க எழும் இயல்பான அசைவே உயிருக்கு ஊறு செய்கின்றது. இதனாலேயே தற்கால விடுவிப்பிகளில் பெரும்பாலானவை உடலிலிருந்து அப்பால் தள்ளும் அசைவால் திறக்குமாறு அமைக்கப்படுகின்றன. பயிற்சிப் பள்ளிகளில் நீரில் இறங்கும் முன் விடுவிப்பியைக் கண்ணால் பாராமல் தொட்டுத் திறக்கப் பழக்குகின்றனர்.

விடுவித்த பின் பட்டம் காற்றில் பறந்துபோய்க் கரையில் உள்ளோரைத் தாக்கக் கூடாது. எனவே அது ஒரு பிணைக்கயிற்றால் சறுக்குபவருடன் இணைந்தே இருக்கும். தொடக்க கால அமைப்புகள் சிலவற்றில், விடுவித்த பின்னும் பட்டம் காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இன்று பொதுவான முறை, பட்டம் முன்கயிறு ஒன்றில் மட்டுமே தொங்குமாறு செய்வதாகும். அப்போது பட்டம் கொடி போலப் படபடத்து இழுப்பை இழக்கின்றது. அதுவும் பயனற்றுப்போனால், பிணைக்கயிற்றில் உள்ள இரண்டாம் விடுவிப்பியைத் திறந்து பட்டத்தை முற்றிலும் கைவிடலாம்.

பிரான்சில் இக்கருவிகளுக்கு முன்னரே தேசியத் தரநிலை இருந்தது. 2020-இல் பன்னாட்டுத் தர நிறுவனம் ஐ.எஸ்.ஓ 21853 என்னும் தரநிலையை வெளியிட்டது. இது பட்ட நீர்ச்சறுக்கின் விடுவிப்பு அமைப்புகளுக்கான பாதுகாப்புத் தேவைகளையும் சோதனை முறைகளையும் வரையறுக்கின்றது. விப்பிக்கா விற்பனைக்கு வந்ததற்கும் இதற்கும் இடையே 23 ஆண்டுகள் கழிந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

சோதனை முறைகள்

வடிவமைப்பும் மாதிரியும்

புதிய பட்டம் இன்று கணினியில் தொடங்குகின்றது. சர்ஃப்பிளான் போன்ற மென்பொருள்களில் பட்டத்தின் வளைவு, முன்விளிம்பின் தடிமன், துணித் துண்டுகளின் வடிவம் ஆகியவை வரையப்படுகின்றன. மென்பொருள் தரும் அளவுகளின்படி துணி வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, முதல் மாதிரி உருவாகின்றது. ஓர் அளவில் நன்கு பறக்கும் பட்டத்தை அப்படியே பெரிதாக்கினால் அதே போல் பறக்காது. துணியின் விறைப்பும் குழாயின் வலுவும் பரப்புடன் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்பதே காரணம். எனவே ஒவ்வோர் அளவும் தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டும்.

கடலில் சோதனை

காற்றடைத்த பட்டத்தைக் கணினியில் முழுமையாகக் கணிப்பது கடினம். அது விறைப்பான சிறகு அன்று. காற்று மாறும்போது அதன் வடிவமும் மாறும், வடிவம் மாறும்போது விசையும் மாறும். ஆகவே கடலில் பறக்கவிட்டுப் பார்ப்பதே இன்றும் இறுதிச் சோதனை. மௌயி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், எசுப்பானியாவின் தாரிஃபா ஆகியவை வலுவான காற்றுக்காக அறியப்பட்ட இடங்கள்.

இச்சோதனையின் பெருஞ்சிக்கல், காற்றை மீண்டும் அதே போல் வரவழைக்க முடியாது என்பதாகும். நேற்றைய காற்றில் பறந்த பட்டத்தையும் இன்றைய காற்றில் பறக்கும் பட்டத்தையும் ஒப்பிடுவதில் பொருள் இல்லை. எனவே பழைய பட்டமும் புதிய மாதிரியும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே நீளக் கயிறுகளுடன் பறக்கவிடப்படுகின்றன. சோதிப்போர் இருவரும் இடையில் பட்டங்களை மாற்றிக்கொள்கின்றனர். ஒரு முறைக்கு ஒரே ஒரு கூறை மட்டும் மாற்றுவது நல்ல வழக்கம். முச்சையின் இணைப்பை ஓரிரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே பட்டத்தின் இயல்பு மாறிவிடும் என்பதால், இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எதனால் எது நேர்ந்தது என்று அறிய முடியாது.

சோதிக்கும் இடத்தைத் தேர்வதிலும் விதிகள் உண்டு. காற்று கரைக்குச் சாய்வாக வீசும் இடமே ஏற்றது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் கருவி பழுதானால் சோதிப்பவர் கடலுக்குள் அடித்துச் செல்லப்படுவார். நேராகக் கரையை நோக்கி வீசினால் கரையில் மோதுவார். கீழ்க்காற்றுத் திசையில் பாறை, மரம், மின்கம்பி ஆகியவை இல்லாத திறந்த வெளி வேண்டும்.

ஆய்வுக்கூடச் சோதனை

விடுவிப்பி, கயிறு, கொக்கி ஆகியவற்றைக் கடலில் மட்டும் சோதித்தால் போதாது. ஆயிரத்தில் ஒரு முறை நேரும் தவற்றை ஒரு நாள் கடலாட்டம் காட்டாது. ஆகவே இவை சோதனை மேடையில் பொருத்தப்பட்டு, அறிந்த விசையால் இழுக்கப்படுகின்றன. திறப்பதற்குத் தேவைப்படும் கைவிசை, குறைந்த இழுப்பிலும் மிகுந்த இழுப்பிலும் அளக்கப்படும். பல முறை திறந்து மூடிய பிறகும், மணலும் உப்புநீரும் பட்ட பிறகும் இவ்வளவீடு மீண்டும் செய்யப்படும். புதிதாய் இருக்கும்போது திறப்பது மட்டும் சான்று ஆகாது. தேய்ந்த பின்னும் திறக்க வேண்டும்.

கயிறுகள் அறுபடும் வரை இழுக்கப்படுகின்றன. முடிச்சு இட்ட கயிறு, முடிச்சு இடாத கயிற்றைவிடக் குறைந்த இழுப்பிலேயே அறுபடும் என்பதால், முனைகள் பின்னித் தைக்கப்படுகின்றன. நான்கு கயிறுகளும் சம நீளமாய் இருக்கவேண்டியதால், அவை விற்பனைக்கு முன்பே இழுத்து நீட்டப்படுவதும் உண்டு.

அளவீட்டுக் கருவிகள்

தொடக்கத்தில் சோதிப்பவரின் உணர்வே அளவுகோலாக இருந்தது. பின்னர்ப் புவியிடங்காட்டிகள் வேகத்தையும், கயிற்றில் பொருத்திய விசையுணரிகள் இழுப்பையும் அளந்தன. 2010களின் நடுப்பகுதியில் பலகையில் பொருத்தக்கூடிய சிறு உணரிகள் தாவும் உயரத்தையும் வானில் நிற்கும் நேரத்தையும் பதிவு செய்யத் தொடங்கின. வடிவமைப்பாளர்களுக்குப் பயன்பட்ட இதே எண்கள் விளையாடுவோரிடையே போட்டிப் பொருளும் ஆயின. உயரம் அளக்கப்பட்டதும், மேலும் உயரத் தாவ மேலும் வலுத்த காற்றைத் தேடும் போக்கு உருவாயிற்று.

பாதுகாப்புக் கருவியே ஆபத்தாதல்

பாதுகாப்புக்கென உருவாகிய கருவி வேறொரு தீங்கை உண்டாக்குவதும் இத்துறையில் நிகழ்ந்துள்ளது. இதற்குப் பலகைப் பிணைக்கயிறு சிறந்த எடுத்துக்காட்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை அலையில் அடித்துச் செல்லப்படாமல் இருக்க, அதனைக் கயிற்றால் உடலுடன் பிணைக்கும் வழக்கம் தோன்றியது. முதல் கயிறுகள் மருத்துவத்தில் பயன்படும் மீள்தன்மை மிக்க இரப்பர் குழாயால் ஆனவை. இவை நீண்டு, பின் கவண் போலப் பலகையை எறிந்தன. நீருடைத் தயாரிப்பின் முன்னோடிகளுள் ஒருவரான ஜாக் ஓநீல், இவ்வாறு திரும்பி வந்த பலகையால் ஒரு கண்ணை இழந்தார். பின்னர் மீள்தன்மை குறைந்த பொருளால் கயிறுகள் செய்யப்பட்டன.

பட்ட நீர்ச்சறுக்கிலும் இதே பாடம் மீண்டும் கற்கப்பட்டது. பட்டம் ஒருவரை நீரில் வேகமாக இழுக்கும்போது, பின்னால் பிணைக்கப்பட்ட பலகை நீரின் தடையால் நின்று, கயிறு முறுகி, திடீரென விடுபட்டுத் தலையை நோக்கிப் பாயும். எனவே பலகைப் பிணைக்கயிற்றைத் தவிர்க்குமாறு பயிற்றுநர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர். மாறாக, பட்டத்தால் உடலை நீரில் இழுக்கச்செய்து பலகையைச் சென்றடையும் முறை கற்பிக்கப்படுகின்றது. இங்கு ஒரு கருவியின் இடத்தை ஒரு திறன் எடுத்துக்கொண்டது.

பொருட்கள்

பட்டத்தின் மேற்பரப்பு, கிழிசல் பரவாதபடி தடித்த இழைகள் குறுக்கும் நெடுக்கும் நெய்யப்பட்ட பாலியெஸ்டர் துணியால் ஆனது. முன்விளிம்புக் குழாய்க்கு டேக்ரான் எனப்படும் உறுதியான பாலியெஸ்டர் துணி பயன்படுகின்றது. குழாயினுள் பாலியூரித்தேன் காற்றுப்பை உண்டு. தொடக்கத்தில் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியே காற்றடைக்க வேண்டியிருந்தது. 2000களின் நடுப்பகுதியில், முன்விளிம்பில் அடைக்கும் காற்று சிறு குழல்கள் வழியே மற்றக் குழாய்களுக்கும் செல்லும் முறை வந்தது.

அண்மைக் காலத்தில் டேக்ரானுக்கு மாற்றாக, எடை குறைந்ததும் விறைப்பு மிகுந்ததுமான பாலியெத்திலீன் கூட்டுப்பொருள்கள் பயன்படுகின்றன. விறைப்பான குழாயை மெல்லியதாக அமைக்கலாம். மெல்லிய முன்விளிம்பு காற்றைக் குறைவாகத் தடுக்கும். இவற்றின் விலை மிகுதி.

நீரடிச் சிறகும் சாதனைகளும்

பலகையின் அடியில் நீண்ட தண்டின் முனையில் சிறகு பொருத்தினால், குறிப்பிட்ட வேகத்தில் பலகை நீரைவிட்டு மேலெழும். நீரின் தடை பெரிதும் குறைவதால் மெல்லிய காற்றிலும் விரைவாகச் செல்லலாம். ஆனால் கூர்மையான சிறகு புதிய காயங்களுக்குக் காரணமாயிற்று. இதனால் தலைக்கவசமும் மோதல் தாங்கும் மேற்சட்டையும் போட்டிகளில் இன்றியமையாதவை ஆயின.

- 2008-இல் நமீபியாவின் லூடெரிட்ஸ் என்னுமிடத்தில் பிரான்சின் செபஸ்தியான் கத்தெலான் 500 மீட்டர் தொலைவில் சராசரி 50.26 நாட் வேகம் எட்டினார். காற்றால் இயங்கும் நீர்க்கலன்களில் 50 நாட் வேகத்தை முதலில் கடந்தவர் இவரே.
- 2017-இல் பிரான்சின் அலெக்ஸ் கெசெர்க் 57.97 நாட் (மணிக்கு ஏறத்தாழ 107 கிலோமீட்டர்) வேகம் எட்டினார்.
- 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீரடிச் சிறகுப் பலகையுடன் கூடிய பட்டப் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. மார்சேய் நகரில் நடந்த இப்போட்டியில் ஆடவர் பிரிவில் ஆஸ்திரியாவின் வாலண்டின் பொண்டுஸ், மகளிர் பிரிவில் பிரித்தானியாவின் எல்லி ஆல்ட்ரிட்ஜ் தங்கம் வென்றனர்.

பிற துறைகளில் பயன்பாடு

விளையாட்டுக்கென உருவான காற்றடைத்த பட்டம் ஆற்றல் துறையிலும் பயன்படுகின்றது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், விண்வெளி வீரராகவும் பேராசிரியராகவும் இருந்த வுபோ ஓக்கல்ஸ் (1946–2014) பட்டத்தால் மின்சாரம் ஆக்கும் ஆய்வைத் தொடங்கினார். பட்டம் கயிற்றை இழுத்துச் செல்லும்போது உருளை சுழன்று மின்னாக்கியை இயக்கும். பின் இழுப்பைக் குறைத்துக் கயிறு சுற்றப்படும். இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் இயல்வதே இம்முறையின் உயிர்நாடி. சறுக்குவோரின் பாதுகாப்புக்காகத் தேடப்பட்ட அதே பண்பு இங்கு மின்னாக்கத்தின் அடிப்படை ஆகின்றது. ஜெர்மனியின் ஸ்கைசெயில்ஸ் நிறுவனம் சரக்குக் கப்பலை இழுக்கப் பெரிய பட்டத்தைப் பயன்படுத்தியது. 2008-இல் பெலூகா ஸ்கைசெயில்ஸ் என்னும் கப்பல் இவ்வாறு பயணம் செய்தது.

இலங்கையிலும் தமிழகத்திலும்

இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் உள்ள கற்பிட்டிக் கடனீரேரி, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வலுவான, சீரான காற்று வீசும் இடமாகும். இது தெற்காசியாவின் அறியப்பட்ட பட்ட நீர்ச்சறுக்கு இடங்களுள் ஒன்று. தமிழகத்தில் இராமேசுவரம் தீவின் கரையோரங்களிலும் இவ்விளையாட்டுப் பயிற்சி நடைபெறுகின்றது. ஒரு பக்கத்தில் பாக்கு நீரிணையும் மறுபக்கத்தில் மன்னார் வளைகுடாவும் இருப்பதால், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளுக்கும் ஏற்ற கரைகள் இங்கு உண்டு. உலகச் சந்தையில் விற்பனையாகும் பட்டங்களில் ஒரு பகுதி இலங்கைத் தொழிற்சாலைகளில் தைக்கப்படுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

- பட்டம்
- அலைச்சறுக்கு
- பாய்மரப் படகு
- காற்றியக்கவியல்
- பருவக்காற்று